வேறு டாக்டரிடம் அனுப்பிய பேஷண்ட் போனாரா இல்லையா, எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

கேள்வி:
வணக்கம். இரண்டு பல் டாக்டர்கள் இருக்கும் சின்ன கிளினிக்கில் வரவேற்பைப் பார்த்துக்கொள்கிறேன். கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை முடித்து, கேப் போட வரச் சொல்லி அனுப்பிய ஒருவர் ஆறு மாதம் கழித்துப் பல் பிளந்து வந்தார், பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வலி போனதும் வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறார், நாங்களும் ஒரு போன் செய்யவில்லை. மனசு கேட்கவே இல்லை. எங்கள் சாஃப்ட்வேர் அப்பாயின்ட்மென்ட் வாங்கியவர்களுக்குத்தான் நினைவூட்டல் அனுப்பும், வாங்காமலே போனவர்கள் கண்ணில் படுவதில்லை. ஞானப்பல், ஈறு என்று வெளியே அனுப்புகிறவர்களுக்கும் கடிதத்தைக் கையில் கொடுப்பதோடு சரி. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில் 1:
நான் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாரை, எதற்காக, எங்கே அனுப்பினோம், எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று எழுதிவிடுவேன். அங்கிருந்து பதில் கடிதம் வந்து எங்கள் டாக்டர் படிக்கும்வரை அந்த வரியை அடிக்க மாட்டேன், பேஷண்ட் "போய்விட்டு வந்தேன்" என்று சொன்னாலும்கூட. முடிந்தவரை அவர் நம் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே அங்கே போன் போட்டு நேரம் வாங்கிவிடுங்கள், வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்பவர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதில் 2:
பல் டாக்டராகச் சொல்கிறேன், எல்லோரையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். வாயில் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம், அவரை அனுப்பிய மறுநாளே போன் செய்து கேட்க வேண்டும். பல் எடுத்தவர்களை 2, 3 நாளில் கூப்பிடுங்கள். எடுத்த குழியில் ரத்தக்கட்டு கரைந்துபோனால் அப்போதுதான் வலி கூடும், அதை அவர்கள் சாதாரண வலி என்று பொறுத்துக்கொள்வார்கள். வேர் சிகிச்சைக்குப் பின் வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரத்துக்குத்தான் தாங்கும்.

பதில் 3:
நான் கடிதம் வாங்கும் பக்கம் இருக்கிறேன். "18ஆம் பல்லை எடுக்கவும்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஒரு எண் முறையில் 18 என்பது மேல் வலது ஞானப்பல், இன்னொன்றில் கீழ் இடது இரண்டாம் கடைவாய்ப் பல்! தயவுசெய்து வார்த்தையிலும் எழுதுங்கள். எக்ஸ்ரேயையும் அனுப்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, சர்க்கரை, ஒவ்வாமை எதையும் விடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு இதெல்லாம் தெரியவந்து, பாதிப் பேரைத் திருப்பி அனுப்பும்படி ஆகிறது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. போனை எடுக்காதவர்களை என்ன செய்வது?

பதில் 1:
வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை முயற்சி செய்வேன், அப்புறம் கடிதம். ஒவ்வொன்றையும் தேதியோடு பைலில் குறித்துவிடுவேன். வீட்டில் வேறு யாராவது எடுத்தால் கூப்பிடச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நோய் விவரம் சொல்ல வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
சரி. வேர் சிகிச்சை முடித்தும் கேப் போடாதவர்களின் பைல்களை இன்றைக்கே தேட ஆரம்பித்தேன், இதுவரை ஒன்பது பேர். நாளைக் காலை முதல் வேலை அவர்களுக்குப் போன் செய்வதுதான்.