அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல்: ரேடியேட்டர்ல செம்மண் கலர் தண்ணி, ஹெட் கேஸ்கெட்டா?

மார்க்3_காரன்:
1978 மார்க் 3. ஆறு வருஷமா ஷெட்ல நிக்குது, இன்னும் ஸ்டார்ட் பண்ணல. ரேடியேட்டர் மூடியத் திறந்தா செம்மண் கரைச்ச மாதிரி தண்ணி, கழுத்துல வெள்ளையா பிசுக்கு. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, ஹெட்டைக் கழட்டணும்னு மெக்கானிக் சொல்றார். டிப் ஸ்டிக்ல ஆயில் சுத்தமாத்தான் இருக்கு. வேற என்ன பாக்கலாம்?

இரும்புபிளாக்:
ஹெட்டை இப்போ தொடாதீங்க சார், ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க. பம்ப் சுத்தினா அடியில படிஞ்சதெல்லாம் கிளம்பி ரேடியேட்டர் டியூப்ல போய் அடைச்சுக்கும்.

ரேடியேட்டர் அடி டேப்ல ஒரு பாட்டில், பிளாக்கோட ட்ரெய்ன் டேப்ல ஒரு பாட்டில் தனித்தனியா பிடிங்க. பிளாக் டேப்பைத் திறந்தா பெரும்பாலும் ஒண்ணும் வராது, துரு அடைச்சிருக்கும். டேப்பையே கழட்டிட்டு கம்பியால குத்துங்க. பாட்டிலை ஒரு நாள் முழுக்க அசைக்காம வைங்க.

அடியில செவந்த வண்டல் படிஞ்சா துரு. இந்த இன்ஜின்ல பிளாக்கும் ஹெட்டும் இரும்பு, வெறும் தண்ணி ஊத்தி ஓட்டினா வரத்தான் செய்யும். காந்தத்துல ஒட்டலேன்னு வேற முடிவுக்குப் போகாதீங்க. கருந்துருதான் நல்லா ஒட்டும், செந்துரு அவ்வளவா ஒட்டாது. கரகரன்னு வெள்ளைத் துகள் இருந்து, வினிகர் விட்டா நுரைச்சா, போர் தண்ணி உப்பு. ஜெல்லி மாதிரி இருந்தா ரெண்டு வகை கூலன்ட் கலந்திருக்கு. கருப்பா எண்ணெய் மேல மிதந்தா கேஸ்கெட்டையோ ஹெட் விரிசலையோ சந்தேகப்படலாம். மேனுவல் கியர் வண்டி, ஆயில் கூலர் கிடையாது, வேற வழியில இன்ஜின் ஆயில் உள்ள வராது.

சம்ப்_பிளக்:
டிப் ஸ்டிக்கை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம், அதனால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். நிறுத்திய பிறகு, சூடாக இருக்கும்வரை தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால், எதிர்த்திசையிலும் கசியலாம். அப்படிக் கசிந்த தண்ணீர் ஆறு வருடத்தில் சம்ப்பின் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் இறங்கிவிடும், ஸ்டிக்கில் தெரியாது. சம்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்தி முதலில் சொட்டுவது என்ன என்று பாருங்கள்.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குக் கொஞ்சம் ஆயில் விட்டு, ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றவும். பிளக் ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சினால் மெக்கானிக் சொன்னது சரி. சிலிண்டரில் தண்ணீர் இருந்து, பிளக்கைக் கழற்றாமல் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம்.

மார்க்3_காரன்:
பாத்தாச்சு. பாட்டில் அடியில ஒரு விரக்கடை செவந்த வண்டல். மேல தண்ணி மோர் மாதிரி, ஒரு நாள் வச்சும் பிரியல. எண்ணெய் மிதக்கல. சம்ப்புல தண்ணி இல்ல, சிலிண்டரும் காஞ்சிருக்கு.

இரும்புபிளாக்:
அப்போ அது சொல்யூபிள் ஆயில் சார், லேத் பட்டறையில ஊத்துவாங்களே அதே சாமான், தண்ணியில கலந்தா பால் மாதிரி வெள்ளையாகும். துரு பிடிக்காம இருக்க அந்தக் காலத்துல ரேடியேட்டர்ல ஊத்தறது வழக்கம். அந்த வெள்ளையப் பாத்துட்டு கேஸ்கெட்டுன்னு ஹெட்டை இறக்கின வண்டி ஏராளம். ரேடியேட்டர் மூடியில போட்டிருக்கிற அழுத்தத்துக்கு கைப்பம்ப்ல காத்து ஏத்தி, பத்து நிமிஷம் மீட்டர் முள்ளு இறங்காம நின்னா, கழுவற வேலையப் பாக்கலாம்.

வெல்ச்பிளக்:
அண்ணே, கழுவறதுல வரிசை முக்கியம். தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டு முதல்ல நுரை கம்மியான ஃப்ரண்ட் லோட் சோப்புத்தூள் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்க. பிசுக்கு இருந்தா ஆசிட் துருவைத் தொடாது. அப்புறம் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், இன்ஜின் சூடான பிறகு அரை மணி நேரம் ஓட்டி வடிச்சுட்டு, சமையல் சோடா கரைச்ச தண்ணி ஒரு தடவை, நல்ல தண்ணி தெளிவா வர்ற வரைக்கும்.

ஆனா வெல்ச் பிளக்கை (பிளாக்குல இருக்கிற ஓட்டைகளை மூடுற தகட்டு மூடி) முன்னாடியே சுரண்டிப் பாத்துடுங்க. பாதி பிளக்ல துருதான் ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும். ஆசிட் துருவைத் தின்னதும் ஒழுகும். ஒண்ணு போச்சுன்னா எல்லாத்தையும் மாத்துங்க. ரேடியேட்டர் ஒழுகுதுன்னு மஞ்சத்தூள் போட்டிருந்தா எந்த ஆசிட்டுக்கும் போகாது, ரேடியேட்டர் டேங்கைப் பிரிச்சு டியூப்ல ராடு விட்டுக் குத்தணும்.

கடைசியா பழைய வகை பச்சைக் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. 500 கிலோமீட்டர் ஓடினதும் அரை லிட்டர் வடிச்சு மறுபடி பாட்டில்ல வச்சுப் பாருங்க. அடியில லேசா தூள் இருந்தா பரவால்ல, விரல் தடிமன் வந்தா இன்னொரு தடவை கழுவணும்.