கேம்பிங் செட்டப்போடு மகிந்திரா தார் ஜீப் விற்க வேண்டும், வருகிறவர்கள் அடிமாட்டு விலை கேட்கிறார்கள், உதவி தேவை

உச்சிப்புளி_தார்
வணக்கம் நண்பர்களே, அவசரமாக எழுதுகிறேன். என் தாரை விற்க வேண்டும். மேலே ரூப் டென்ட், பக்கவாட்டில் நிழலுக்கு ஆனிங், பின்னால் டிராயர், பிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, சோலார் எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டது. ஒன்பதரை லட்சம் சொல்கிறேன். வருகிறவர்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள், ஆறு என்கிறார்கள், போய்விடுகிறார்கள். செட்டப்புக்கு ஒரு ரூபாய்கூட வைப்பதில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். அதற்குள் என்ன செய்தால் விலை நிற்கும்? ஓட்டத்தில் ஒரு குறையும் கிடையாது.

பரமக்குடி_பட்டறை
எந்த வருஷ வண்டி? 2020 அக்டோபரில் வந்த புது தாரா, அதற்கு முந்தைய பழையதா? பழையது என்றால் டிஐ இன்ஜினா, சிஆர்டிஇ இன்ஜினா? எவ்வளவு ஓடியிருக்கிறது, எத்தனையாவது ஓனர்? இதைச் சொல்லாமல் ஒன்பதரை சரியா தப்பா என்று யாரும் சொல்ல முடியாது.

தேவிபட்டினம்_ரவுண்டு
கூரை ஹார்டு டாப்பா, படுதாவா? படுதா என்றால் டென்ட் எதன் மேல் நிற்கிறது? போட்டோ போடுங்கள். அடிப்பாகம் போட்டோவும் வேண்டும்.

பழைய_டீசல்
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன்னால் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, கல்யாணத்துக்குப் போட்ட பந்தலுக்கும் சேர்த்து யாரும் வீட்டுக்கு விலை தரமாட்டார்கள். டென்டும் பிரிட்ஜும் உன் ஆசைக்கு வாங்கியது. வாங்க வருகிறவன் இன்ஜினையும் பேப்பரையும்தான் பார்ப்பான். ஜீப் வாங்கி விற்கும் அனுபவம் வந்தால் உனக்கே புரியும்.

சேதுக்கரை_உப்புக்காற்று
குனிந்து பார்ப்பது துருவைத்தான். டிஎன் 65 என்று ராமநாதபுரம் நம்பரைப் பிளேட்டில் பார்த்ததுமே கடலோர வண்டி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு நீங்களே அடியில் படுத்துப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டும் இடம், பாடி மவுண்ட், பேட்டரித் தட்டுக்கு அடி, கதவின் கீழ் மடிப்பு, டென்ட் ரேக் போல்ட்டுகள் எல்லாம் முக்கியம். தட்டினால் 'டங்' என்று கேட்டால் அது மேல் துரு, கம்பி பிரஷ்ஷுக்குப் போய்விடும். 'தொப்' என்று கேட்டுச் செதில் செதிலாக உதிர்ந்தால் தகடு மெலிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் சேசிஸின் பக்கத்து ஓட்டைகளில் ஒரு கம்பியை விட்டுக் கிளறுங்கள். மணலில் ஓடிய வண்டி என்றால் உள்ளிருந்து மணல் கொட்டும். உப்பும் ஈரமுமாக அது உள்ளேயே கிடக்கிறது, அதனால் இரும்பு உள்ளிருந்து அரிக்கும். பஞ்சர் கடையில் ஏர் ஹோஸை ஓட்டைக்குள் விட்டு ஊதச் சொல்லுங்கள், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை.

கீழக்கரை_பாய்
இவ்வளவு சிரமம் எதற்கு? ராமநாதபுரத்தில் வாட்டர் சர்வீஸ் விட்டு, அடியில் கருப்பு கோட்டிங் அடித்துவிட்டால் புது வண்டி மாதிரி இருக்கும். ஒரு நாள் வேலை.

பரமக்குடி_பட்டறை
பாய், அதை மட்டும் செய்ய வேண்டாம். விற்கப் போகிற வாரத்தில் அடித்த கோட்டிங்கைத் தொட்டாலே கையில் ஒட்டும். மெக்கானிக்கோடு வருகிறவன் அதைப் பார்த்ததும் ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். துரு தெரிந்தால் பத்தாயிரம் குறைப்பான், மறைத்தது தெரிந்தால் வாங்காமலே போய்விடுவான். அது மட்டுமில்லை, ஈரமும் உப்பும் இருக்கும்போது மேலே பூசினால் அடியில் துரு இன்னும் வேகமாகப் போகும்.

தேவிபட்டினம்_ரவுண்டு
நாங்கள் கழிவு ஆயிலைத்தான் ஸ்பிரே அடிக்கிறோம். அப்பா காலத்திலிருந்து அதுதான். எங்கள் லோடு வண்டி இன்னும் ஓடுகிறது.

பரமக்குடி_பட்டறை
ஆயில் இரும்பைக் காப்பாற்றும், சரி. ஆனால் ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப் போய்விடும், மணலும் அப்பிக்கொள்ளும். லோடு வண்டிக்குச் செய்யுங்கள். ஒன்பது லட்சம் கேட்கிற வண்டிக்கு வேண்டாம்.

சேதுக்கரை_உப்புக்காற்று
வாட்டர் சர்வீஸ் என்றதும் எனக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். நம் கடலோரக் கிராமங்களில் பாதி போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. வண்டி காய்ந்த பிறகு கறுப்புத் தகட்டில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தத் தண்ணீர் விட்டுப் போன உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும் கடையாகப் பாருங்கள், இல்லை நல்ல தண்ணீர் டேங்கர் வாங்கி அடியில் நன்றாக அடியுங்கள்.

பழைய_டீசல்
காவிரி கூட்டுக் குடிநீரைக் குடத்தில் பிடிக்கவே வரிசையில் நிற்கிற ஊரில் டேங்கர் வாங்கி ஜீப் கழுவச் சொல்கிறீர்கள். நல்ல யோசனை.

சேதுக்கரை_உப்புக்காற்று
விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு முறை, ஐயா. தினமும் கழுவச் சொல்லவில்லை.

உச்சிப்புளி_தார்
2017 சிஆர்டிஇ, ஃபோர் வீல். முதல் ஓனர். 71 ஆயிரம் ஓடியிருக்கிறது. பைபர் ஹார்டு டாப் வெளியே போட்டது. முன்னால் இரும்பு பம்பர், புதைந்தால் கயிறு கட்டி இழுக்க வின்ச் இருக்கிறது. டிராயர் வைப்பதற்காகப் பின் சீட்டுகளைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். சுத்தியல் வைத்துத் தட்டிப் பார்த்தேன், ஒரு இடத்தைத் தவிர எல்லாம் நல்ல சத்தம். கோயம்புத்தூர்காரர் லோன் போட்டு வாங்குவாராம்.

ஆர்டிஓ_வாசல்
அண்ணே, பேப்பர் வேலை எனக்குத் தொழில், அதனால் கேட்கிறேன். நீங்கள் லோனில் வாங்கியதா? கட்டி முடித்தாயிற்றா? முடித்திருந்தாலும் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் நிற்கிறதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். கடன் தீர்ந்தால் அது தானாகப் போகாது. பைனான்ஸ் தரும் தடையின்மைச் சான்றோடு பாரம் 35 கொடுத்தால்தான் ஹைபோதிகேஷன் என்கிற அந்த அடமானக் குறிப்பு நீங்கும். அது நிற்கும்வரை அவருக்கு எந்த வங்கியும் இந்த வண்டிக்கு லோன் தராது. பேசிய விலை கடைசியில் முறிவது பல நேரம் இதனால்தான்.

மதுரை_வயரிங்
இரண்டாவது பேட்டரிக்குப் போகும் மெயின் வயரில், பேட்டரி பக்கத்திலேயே பியூஸ் இருக்கிறதா? இல்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து டேஷ்போர்டில் வைத்துவிடுங்கள். வெளியே போட்ட வயரிங்கைப் பார்த்தால் வாங்குகிறவர்களுக்குப் பயம்.

ஆர்டிஓ_வாசல்
இன்னொரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், மாற்றம் செய்த ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பம்பர் கார்டுகளை எடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு 2017 டிசம்பரிலேயே எழுதிவிட்டது.

அதனால் வண்டியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். டென்ட், ஆனிங், பிரிட்ஜ், டிராயர், சோலார் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் தனிச் சாமான். பம்பர், ஹார்டு டாப், பின் சீட் இல்லாதது எல்லாம் வாங்குகிறவன் தலையில் விழும் தலைவலி. பின் சீட்டைத் திரும்ப மாட்டுங்கள், ஒரிஜினல் பம்பர் இருந்தால் அதையும். ஒரிஜினல் படுதா பத்திரமாக இருந்தால் கூடவே கொடுங்கள்.

பழைய_டீசல்
இதைத்தான் நான் முதலிலேயே இரண்டு வரியில் சொன்னேன்.

தேவிபட்டினம்_ரவுண்டு
நீங்கள் பந்தல் கதை சொன்னீர்கள் ஐயா, பாரம் நம்பர் சொல்லவில்லை.

கீழக்கரை_பாய்
பேப்பர் எல்லாம் சரி. மனுஷன் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார், வண்டியின் பலத்தைக் காட்ட வேண்டாமா? நேராகத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போங்கள். ரோட்டை விட்டு மணலில் இறக்கி, நாலு சக்கரமும் மெதுவாக இழுக்கும் ஃபோர் லோ கியர் போட்டு ஒரு சுற்று காட்டுங்கள். விலை அங்கேயே பேசி முடிந்துவிடும். இரவு டென்டில் படுக்க வைத்தால் இன்னும் நல்லது.

முகுந்தராயர்_சத்திரம்
2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வருவதற்கு முன்னால் இந்த மணலில் வேன் ஓட்டியவன் நான். டயரில் காற்றைப் பதினெட்டு பிஎஸ்ஐக்கு இறக்காமல் இறங்கினால் ஃபோர் வீலும் புதையும். ஈர மணல் எங்கே கெட்டி, எங்கே சேறு என்று பார்வைக்குத் தெரியாது. வாங்க வந்தவர் முன்னால் டிராக்டர் கூப்பிட்டு இழுத்தால் விலை ஐந்துக்கு வந்துவிடும். சாயங்காலத்துக்கு மேல் போலீஸ் யாரையும் அங்கே நிற்க விடாது, டென்ட் பேச்சே வேண்டாம்.

பூநாரை_பார்வை
தயவுசெய்து யாரும் அந்த மணலில் வண்டியை இறக்க வேண்டாம். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். பூநாரை மேயும் சேற்றுப் பரப்பில் ஒரு டயர் தடம் விழுந்தால் அது எவ்வளவு காலம் அப்படியே கிடக்கிறது என்று வந்து பாருங்கள். ஜனவரியிலிருந்து பங்குனி வரை ஆமை முட்டையிட வரும். வனத்துறை முட்டைகளைப் பொறுக்கிப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறது. அவர்கள் கண்ணில் படாத குழி உங்கள் டயருக்கு அடியில் இருக்கலாம்.

கீழக்கரை_பாய்
சரணாலய எல்லைக்குள் போகச் சொல்லவில்லையே. கடலோரம் முழுவதும் சரணாலயமா? அரியமான் பக்கம் மணல் இல்லையா?

பூநாரை_பார்வை
அரியமானில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள். வலை காயும் இடத்தில் டயர் ஏறினால் அந்தக் குடும்பத்தின் அன்றைய பாடு போச்சு. மணலில் ஓட்டிக் காட்டுவதால் வண்டியின் தரம் தெரிந்துவிடுமா, சொல்லுங்கள்.

முகுந்தராயர்_சத்திரம்
அது நியாயம்தான். ஃபோர் லோ விழுகிறதா என்று பார்க்கக் கடல் வேண்டாம். ஏதாவது ஒரு கண்மாய்க் கரைச் சரிவில், சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, மெதுவாக ஏற்றினாலே தெரிந்துவிடும்.

கீழக்கரை_பாய்
பதினெட்டு பிஎஸ்ஐ என்கிறீர்களே, பதினைந்துதான் சரி. வளைகுடா நாட்டுப் பாலைவனத்தில் நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

முகுந்தராயர்_சத்திரம்
அங்கே காய்ந்த மணல், இங்கே அடியில் சேறு. பதினைந்துக்கு இறக்கி வளைத்தால் டயர் ரிம்மை விட்டு வந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

பழைய_டீசல்
எங்கே ஆரம்பித்து எங்கே போகிறீர்கள். கேட்டவரைக் காணோம்.

ஆர்டிஓ_வாசல்
வந்தால் படிக்கட்டும் என்று எழுதிவிடுகிறேன். கோயம்புத்தூர்காரர், 'பெயர் மாற்றப் பாரம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பெயரை அப்புறம் மாற்றிக்கொள்கிறேன்' என்று சொன்னால் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து இழப்பீடு அவர் மேல்தான் வரும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றதை 14 நாளுக்குள் நீங்கள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் அவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். கிளெய்ம் வாங்காததற்கு உங்களுக்குச் சேர்ந்திருக்கும் சலுகை உங்களுடையது, வண்டியோடு போகாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதற்குச் சான்று வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படும்.

தேவிபட்டினம்_ரவுண்டு
ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்தால் இதையும் கவனியுங்கள். மிலிட்டரியில் இருக்கிறேன், பார்க்காமலே வாங்குகிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒரு போன் வரும். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

பரமக்குடி_பட்டறை
உச்சிப்புளி அண்ணே, 'ஒரு இடத்தைத் தவிர' என்றீர்களே, எந்த இடம்? பின் ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட் என்றால் சொல்லுங்கள். அதை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைக்காமல் அந்த வண்டியைக் கொடைக்கானல் மலைக்கு ஏற்ற வேண்டாம் என்று வாங்குகிறவரிடமும் சொல்லிவிடுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

ஆர்டிஓ_வாசல்
அண்ணே, ஹைபோதிகேஷன் பார்த்தீர்களா?

உச்சிப்புளி_தார்
எல்லோருக்கும் நன்றி. ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் நின்றது. தடையின்மைச் சான்று வாங்கிப் பாரம் 35 கொடுத்தாயிற்று. பட்டறை அண்ணன் சொன்ன அதே பிராக்கெட்தான். வலது பக்கம். வெல்டிங் வைத்து, பழைய துண்டையும் பில்லையும் அவரிடம் காட்டினேன். பின் சீட், பழைய பம்பர் மாட்டிவிட்டேன். மணலில் இறக்கவில்லை. வண்டி மட்டும் ஏழு லட்சத்து இருபது, பெயர் மாறிய பிறகுதான் சாவி. டென்டையும் பிரிட்ஜையும் தூத்துக்குடிக்காரர் ஒருவர் தனியாக எடுத்துக்கொண்டார். டிராயரை யாரும் கேட்கவில்லை.

தேவிபட்டினம்_ரவுண்டு
ஆனிங் இருக்கிறதா, போய்விட்டதா? இருந்தால் உள்பெட்டியில் விலை சொல்லுங்கள். எத்தனை அடி என்றும் போடுங்கள்.