எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். பாடநூலின் ஓர் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செல்களுக்கு வெளியே கொலாஜன், லேமினின், ஃபைப்ரோனெக்டின், ஹயலுரோனன் என்ற மூலக்கூறுகள் எல்லாம் சேர்ந்து கிடக்கும் மேட்ரிக்ஸ், புற்றுநோய்க் கட்டிச் செல்களையும் தசைச் செல்களையும் எப்படி வளர்க்கிறது, எப்போது தடுக்கிறது என்பது பொருள். சொல் தனியாக நின்றால் போதாது. 'மேட்ரிக்ஸ் விறைப்பு', 'மேட்ரிக்ஸைச் சிதைக்கும் நொதி' என்று தொடரிலும் வளைந்து கொடுக்க வேண்டும். கையில் இருப்பவை: புறச்செல் அணி, புறக்கலத் தாயம், செல்லிடை நிரப்பி.

உயிரியல் ஆய்வாளர்:
'நிரப்பி' வேண்டவே வேண்டாம். அது சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதல்ல. ஃபைப்ரோனெக்டினில் ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்ற அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்தைச் செல்லின் பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற புரதம் பற்றுகிறது. பற்றியதும் உள்ளே கைனேஸ் என்ற நொதிகள் தூண்டப்படுகின்றன. இயல்பான மார்பகத் திசு 0.2 கிலோபாஸ்கல் அளவில் மெத்தென்று இருக்கும். கட்டியில் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி கொலாஜனைக் குறுக்கே பிணைத்து இறுக்குவதால் விறைப்பு பல மடங்கு ஏறுகிறது. அந்த விறைப்பே 'பெருகு' என்ற கட்டளையாகிவிடுகிறது. இத்தனையையும் 'நிரப்பி' என்ற சொல் மறைத்துவிடும்.

தமிழாசிரியர்:
'அணி' கணிதத்துக்குப் போய்விட்டது. 'தாயம்' இலங்கைக் கணித நூல்களில் இருக்கிறது. மேட்ரிக்ஸின் இலத்தீன் வேர் 'தாய்' என்பதால் பொருத்தம் என்று சிலர் மகிழ்வார்கள். ஆனால் தாயம் என்றால் உரிமைச் சொத்து. தொல்காப்பியப் பொருளியலிலேயே அப்படித்தான். தாயாதி என்பதும் அந்த வழிதான். மேட்ரிக்ஸின் பழைய பொருளான கருப்பைதான் வேண்டுமென்றால் 'சூல்' இருக்கிறதே! சூலைச் சூழ்ந்து காப்பது கருப்பை. சூல், சூழ் இரண்டும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம்.

இலக்கண ஆர்வலர்:
ஐயா, லகரமும் ழகரமும் அவ்வளவு எளிதாக மாறிக்கொள்வதில்லை. வேரை விடுங்கள், 'சூழ்' மட்டும் போதும். செல்லைக் 'கலம்' என்றும் சொல்வதால் 'கலஞ்சூழ் பின்னல்' என்று வைக்கலாம். சூழ்பின்னல் வினைத்தொகை: சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் பின்னல். மேட்ரிக்ஸை ஒரு பக்கம் செல் கட்டிக்கொண்டே இருக்கிறது, மறுபக்கம் நொதிகள் அறுத்துக்கொண்டே இருக்கின்றன. முக்காலமும் பொருந்துகிறது. 'கலச்சூழ்' என்று எழுதிவிடாதீர்கள்; கலத்தைச் சூழ்வதால் மகரம் ஞகரமாகத் திரியும்.

மொழிபெயர்ப்பாளர்:
எங்கள் மாணவர்களுக்குக் 'கலம்' பாத்திரம், ஐயா. அவர்கள் படிப்பது 'செல்'.

இலக்கண ஆர்வலர்:
'செல்சூழ்' என்றால் 'செல்' வினையாகவும் படிக்கப்படும். அதைவிடக் கலமே மேல்.

ஆய்வகப் பயிற்றுநர்:
செய்முறைப் பகுதியையும் பாருங்கள். செல் வளர்க்கத் தட்டில் பூசும் மேட்ரிக்ஸ் கூழான மேட்ரிஜெல்லை 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்து இளக்கி, பனிக்கட்டியில் நிறுத்தி, முன்பே குளிரவைத்த பிப்பெட் முனையால் எடுக்க வேண்டும். 10 டிகிரியைத் தாண்டினால் உறையத் தொடங்கும். முனை அடைத்துக்கொள்ளும், தட்டில் பூச்சு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து போகும். இந்த இடத்தில் 'பின்னலைப் பூசுக' என்று எழுத முடியுமா?

உயிரியல் ஆய்வாளர்:
பூசுவது பின்னற்கரைசல். 37 டிகிரியில் உறைந்த பிறகுதான் அது பின்னல். இரண்டு சொல்லாகப் பிரித்தால் மாணவருக்கும் தெளிவு. 'பின்னல் விறைப்பு' என்பதும் நன்றாக நிற்கிறது: ஆய்வகத்தில் வளர்க்கும் சி2சி12 என்ற எலித் தசைச்செல்கள் இணைந்து உருவாகும் குழல்களில் வரிகள் ஒழுங்காக அமைவது ஏறத்தாழ 12 கிலோபாஸ்கல் பரப்பில், வெறும் பிளாஸ்டிக் தட்டின் விறைப்போ கிகாபாஸ்கல் கணக்கு.

தமிழாசிரியர்:
ஒரு வேண்டுகோள். 'அணி'யை மேட்ரிக்ஸிலுள்ள டெக்கொரின் என்ற புரதத்துக்குக் கொடுங்கள். கொலாஜன் இழைகளை அழகுசெய்வதுபோல் ஒட்டியிருப்பதால்தானே அதற்கு அந்தப் பெயர்? 'அணியன்' எனலாம்.

உயிரியல் ஆய்வாளர்:
பெயர்க்காரணம் சரி. ஆனால் அதன் வேலை அலங்காரம் அல்ல. கட்டியில் வளர்ச்சிக் காரணி ஏற்பியைப் பற்றிப் பெருக்கத்தை அடக்குகிறது. தசையில், வளர்ச்சிக்குத் தடை போடும் மையோஸ்டாட்டினைப் பிடித்துவைத்து அந்தத் தடையைத் தளர்த்துகிறது. ஒரே மூலக்கூறு, இரண்டு செல்லில் எதிரெதிர் விளைவு. இயலின் உயிரே அந்தப் பத்திதான், 'அணியன்' அதை அழகுப்பொருளாக்கிவிடும். டெக்கொரின் என்றே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. நால்வர் 'பின்னல்' பக்கம். முதல் இடத்தில் 'எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ் எனப்படும் செல்சூழ் பின்னல்', பிறகு 'பின்னல்' மட்டும். கலமா செல்லா என்பதில் என் முடிவு செல். மைட்டோகாண்ட்ரியாவின் மேட்ரிக்ஸை இதில் சேர்க்கவில்லை. அது வேறு பொருள்.

ஆய்வகப் பயிற்றுநர்:
என் மறுப்பையும் பதிந்துவையுங்கள். ஹயலுரோனன் நீரைப் பிடித்து உப்பும் கூழ். நாளை ஒரு மாணவர் 'பின்னல்' என்று படித்துவிட்டு இழைகளை மட்டும் வரைந்து, அந்த நீர் முழுவதையும் விட்டுவிடுவார். படத்திலாவது கூழைத் தனி நிறத்தில் காட்டுங்கள்.