சாட்ஸ்வொர்த்தில் இரும்பு வெட்டும் பட்டறை: இந்த பிளாஸ்மா இயந்திரத்தை வாங்கலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் தம்பி

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். எனக்கு 23 வயது. கனத்த இரும்புத் தகடுகளை வெட்டி இணைக்கும் பாய்லர்மேக்கர் தொழில் தேர்வில் தேறி, ஜேக்கப்ஸில் ஒரு பட்டறையில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். ஆண்டு இறுதியில் ஒப்பந்தம் முடிகிறது. அதன்பின் இரும்பு வெட்டிக்கொடுக்கும் சிறு தொழிலைச் சொந்தமாகத் தொடங்க வேண்டும் என்பது என் தீர்மானம்.

சேமிப்பு 60,000 ரேண்ட் இருக்கிறது. வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையை அப்பா தருகிறார். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் மின்சாரத்தாலும் அழுத்தக் காற்றாலும் இரும்பை உருக்கி வெட்டும் 60 ஆம்பியர் பிளாஸ்மா இயந்திரத்தைப் பாதி விலைக்கு விற்கிறார். மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுவது. நல்ல நிலையில் இருப்பதை நானே ஓட்டிப் பார்த்தேன். வாங்கினால் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

பிளாஸ்மா இல்லையென்றால் கேஸ் சுடரால் வெட்டலாம், ஆனால் கேஸ் சிலிண்டர் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார் அம்மா. வாங்கலாமா? வாங்கினால் முதல் வாடிக்கையாளர் யாராக இருப்பார்?

பதில்: ஓய்வுபெற்ற பாய்லர்மேக்கர், ஃபீனிக்ஸ்

தம்பி, இப்போது வாங்காதே. இயந்திரம் நல்லது என்றால் நம்புகிறேன்; உன் கொட்டகை அதற்குத் தயாராக இல்லை.

உங்கள் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸாகத்தான் இருக்கும். அந்த இயந்திரத்துக்கு 400 வோல்ட் மூன்று ஃபேஸ் வேண்டும். அதற்கு நகராட்சியிடம் தனி இணைப்புக் கேட்க வேண்டும். வசிப்பிடத் தெருவில் பட்டறை நடத்த நகரத் திட்டமிடல் பிரிவின் அனுமதியும் வேண்டும். சனிக்கிழமை காலையில் கிரைண்டர் அலறினால் பக்கத்து வீட்டார் எத்தனை வாரம் பொறுப்பார்கள்?

அடுத்து காற்று. 60 ஆம்பியர் பிளாஸ்மாவுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 190 லிட்டர் காற்று விடாமல் வர வேண்டும். வீட்டுக் கம்ப்ரசர் அதற்குப் போதாது. நம் டர்பன் காற்றின் ஈரம் வேறு இருக்கிறது. கோடையான ஜனவரியில் கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து பார், எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரியும். அந்த ஈரம் வெட்டும் கைப்பிடியான டார்ச்சுக்குள் போனால் அதன் நுனியிலுள்ள எலக்ட்ரோடும் நாசிலும் சீக்கிரமே தின்னப்பட்டுவிடும், வெட்டும் கோணலாகும். ஆகவே காற்று உலர்த்தியும் வாங்க வேண்டும். பாதி விலை என்று மாமா சொன்னதில் இவையெல்லாம் சேர்ந்திருக்காது.

சரி, எதை விற்பது? நம் ஊரில் வேலியும் கேட்டும் ஜன்னல் கம்பியும் போடாத தெரு இல்லை. ஒவ்வொரு வேலிக் கம்பத்துக்கும் அடித்தகடு வேண்டும். சதுரமான துண்டு, நான்கு துளை, அவ்வளவுதான். கேட் செய்பவர்கள் அதைத் தாங்களே கிரைண்டரில் அறுத்து அரைநாளை வீணாக்குகிறார்கள். அந்த அரைநாளைத்தான் நீ அவர்களுக்கு விற்கப்போகிறாய்.

நேர்வெட்டுக்கு பிளாஸ்மா எதற்கு? இரும்புக் கடையிலேயே கில்லட்டின் என்ற தகடு கத்தரிக்கும் இயந்திரம் இருக்கிறது, அங்கேயே வெட்டச்சொல்லி வாங்கு. அது கத்தரிப்பதால் வெட்டில் பொருள் தேயாது, சூடும் ஏறாது. கணக்கைப் பார். நம் கடைகளில் கிடைக்கும் தகடு 2450க்கு 1225 மில்லிமீட்டர். பரப்பு சரியாக 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள். 6 மில்லிமீட்டர் கனத் தகடு சுமார் 141 கிலோ வரும். அதில் 150 மில்லிமீட்டர் சதுரம் நீளத்தில் 16, அகலத்தில் 8, ஆக 128 துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

வாடிக்கையாளர் 160 கேட்டால்? நீளத்தில் 15, அகலத்தில் 7. 105தான்! பத்து மில்லிமீட்டர் கூடியதற்கு 23 துண்டுகள் போய்விட்டன. ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே, "கம்பம் எந்த அளவு? 150 போதாதா?" என்று கேள். அவர் 160தான் வேண்டும் என்றால் அதற்கேற்ற விலை சொல். ஓரத்தில் 105 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நீளப்பட்டை மிஞ்சும்; அதைக் கழிவில் போடாமல் கீல் தகடாக வெட்டிவை.

உனக்கு வேண்டியது நல்ல துளை இயந்திரம் ஒன்று, கிரைண்டர் இரண்டு, துளைகள் ஒரே இடத்தில் விழ உதவும் அளவுச் சட்டம் ஒன்று. பிசிறு நீக்கு. கையில் எடுப்பவனுக்குக் கீறக்கூடாது. பத்துப்பத்தாகக் கட்டி, மேல் துண்டில் அளவை எழுதிக் கொடு. இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஒருமுறை வாங்கியவர் திரும்ப வருவதற்கு இதுவே காரணமாகும்.

கடற்கரைப் பக்கம் போகும் கம்பங்கள் துருப்பிடிக்காமலிருக்க, தகட்டோடு துத்தநாகத் தொட்டியில் முக்கப்படும். உருகிய துத்தநாகம் 450 டிகிரிச் சூட்டில் இருக்கும். மூடிய குழாயில் காற்று வெளியேறத் துளை இல்லையென்றால் தொட்டியிலேயே வெடிக்கும். அடித்தகட்டின் நடுவில் அந்தத் துளையை நீயே போட்டுக் கொடுக்கலாமா என்று கேள். கேஸிலோ பிளாஸ்மாவிலோ வெட்டிய விளிம்பைத் தேய்க்காமல் அனுப்பினால் பூச்சு சரியாகப் பிடிக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

அம்மா சொல்வது நியாயம். கேஸ் வெட்டுக்கான அசெட்டிலீன் சிலிண்டர் வீட்டோடு ஒட்டிய மூடிய கொட்டகையில் இருக்கவே கூடாது. வெளியே, நிழலில், கூண்டுக்குள், நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். அழுத்தம் 1 பாருக்கு மேல் போகக்கூடாது. சுடர் திரும்பாமல் தடுக்கும் வால்வு இல்லாமல் பற்றவைக்காதே. எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடாதே. உனக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நாளை நீ வைக்கப்போகும் உதவியாளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பதில்: டோங்காட் வெல்டர்

ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். அடித்தகடு விற்பது தம்பியின் வயிற்றை நிரப்பும், அவர் பெயரை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். இங்கே கரும்பு அறுவடை ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை ஓடுகிறது. அந்த மாதங்களில் டிரெய்லரின் கொக்கித்தகடு உடைந்தால் பண்ணைக்காரர் மறுநாள்வரை காத்திருக்க மாட்டார். ஒற்றை ஃபேஸில் ஓடும் 40 ஆம்பியர் சிறு பிளாஸ்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கேயே வெட்டித்தருபவரை அவர் மறக்கவே மாட்டார். துருப்பிடிக்காத எஃகையும் அலுமினியத்தையும் கேஸால் வெட்ட முடியாது, பிளாஸ்மா வெட்டும்.

கோயில் கேட்டில் வேலும் மயிலும் வெட்டித்தரச் சொல்லி என்னிடமே கேட்கிறார்கள். படத்தைக் கணினியில் வரைந்து, லேசர் கடையில் வெட்டச்சொல்லி வாங்கித்தான் பொருத்துகிறேன். வரையத் தெரிந்த இளைஞர் பக்கத்தில் இருந்தால் அந்த வேலை முழுவதையும் அவரிடமே கொடுத்துவிடுவேன். தம்பி, கணினியில் வரையக் கற்றுக்கொள். அதற்கு மின் இணைப்பும் வேண்டாம், நகராட்சி அனுமதியும் வேண்டாம்.

பதில்: கணக்கு பார்க்கும் அக்கா, டர்பன்

நிறுவனத்தை அரசின் நிறுவனப் பதிவு அலுவலகமான சிஐபிசியில் இணையவழியே பதிவு செய்யலாம். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். தேசிய இளைஞர் மேம்பாட்டு முகமை 18 முதல் 35 வயதுக்காரர்களுக்கு மானியம் தருகிறது. அது கடனன்று. விலைப்பட்டியலும் வாடிக்கையாளர் கடிதங்களும் இணைத்து விண்ணப்பியுங்கள். துளை இயந்திரத்துக்கு அதைக் கேட்டுப் பார்த்தபின் சேமிப்பைத் தொடுங்கள்.

முதல் உதவியாளை வைக்கும் நாளிலேயே 1993ஆம் ஆண்டின் வேலைவிபத்து இழப்பீட்டுச் சட்டப்படி பதிவு செய்துவிடுங்கள். வெட்டும் தொழிலில் விரல்கள் ஆபத்தில் இருக்கின்றன, இதைத் தள்ளிப்போடவே கூடாது. பழைய இரும்பை வாங்கி வெட்டி விற்கும் எண்ணம் இருந்தால் 2009ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டத்தின் கீழ் காவல்துறையில் பதிவு வேண்டும். புதிய தகட்டோடு நிற்பது நல்லது.

கொட்டகையை விட்டு வாடகை இடத்துக்குப் போகும்போது தாழ்வான இடம் வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே நீரில் நின்று மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தது. 2021 ஜூலைக் கலவரத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். சாதாரணக் காப்பீடு கலவரச் சேதத்தைத் தராது. அதற்கு அரசுக் காப்பீட்டு நிறுவனமான சஸ்ரியாவின் காப்பு இருக்கிறதா என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த் தம்பி

மூவருக்கும் மிக்க நன்றி. இயந்திரம் வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்குச் சற்று வருத்தம்தான். இந்த வாரம் கேட் செய்யும் இரண்டு பட்டறைகளில் பேசினேன். ஒருவர் 150 அளவில் 60 அடித்தகடு கேட்கிறார், நான்கு துளையோடு. துளைக்கு எப்படி விலை போடுவது, ஐயா?

ஓய்வுபெற்ற பாய்லர்மேக்கர், ஃபீனிக்ஸ்

தகட்டு விலையோடு கலக்காதே. வெட்டுக்கூலி தனி, துளைக்கூலி தனி. பத்துத் தகட்டைத் துளைத்துக் கடிகாரத்தைப் பார். குறிப்பதும் பிசிறு எடுப்பதும் அந்த நேரத்தில் சேர வேண்டும். பிட் தேய்மானத்தையும் சேர்த்து ஒரு துளைக்கு இவ்வளவு என்று எழுதிக்கொடு. தகட்டுக்கான பணத்தை முன்பணமாக வாங்கிக்கொள். தகட்டில் வரும் 128இல் மீதி 68 துண்டுகளையும் கடையில் இப்போதே வெட்டச்சொல், ஆனால் துளைக்காதே. அடுத்தவர் கேட்கும் துளை அளவு வேறாக இருக்கலாம்.