உண்ணிக் காய்ச்சல்: நாய் வளர்ப்போரின் அனுபவங்கள்

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நாய் வளர்ப்போருக்கான நம் குழுவில் தடுப்பூசியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால், நான் உண்ணியைப் பற்றியும் அது கடிப்பதால் நாய்க்கு வரும் காய்ச்சலைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய், தட்டு வைக்கும் ஓசை கேட்டாலே ஓடி வரும். ஒரு நாள் அது கறிச்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மறுநாள் அதன் ஈறுகள் வெளுத்திருந்ததையும், அடிவயிற்றில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றியிருந்ததையும் கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். இந்த இனத்துக்கு முடி குட்டை என்பதால் அவை கண்ணில் பட்டன. சடை நாயாக இருந்தால் முடியை விலக்கிப் பார்க்காமல் தெரிந்திருக்காது.

இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரியே காரணம் என்றும், பழுப்பு நிற உண்ணி கடிப்பதால் அது பரவுகிறது என்றும் மருத்துவர் விளக்கினார். டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை 28 நாள்கள் கொடுக்கச் சொன்னார். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். பால், தயிரோடு கொடுத்தால் மருந்து உடலில் சேர்வது குறையும். ஆகவே வேகவைத்த கோழித் துண்டுக்குள் வைத்து ஊட்டினோம். சில நாள்களிலேயே நாய் துள்ளத் தொடங்கியதும், "நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். பாதியில் நிறுத்தினால் நோய் உள்ளே பதுங்கியிருந்து, பிற்பாடு இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மச்சையையே தாக்கக்கூடும் என்பதை அவர்களுக்குப் புரியவைப்பது, நாய்க்கு மாத்திரை ஊட்டுவதைவிடக் கடினமாக இருந்தது.

அதைவிடப் பெரிய வேலை வீட்டில் இருந்தது. உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை. வயிறு நிறைய இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்புகளில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. எங்கள் வீட்டில் சுவிட்சுப் பெட்டியின் பின்புறமும் கட்டில் சட்டத்தின் இடுக்குகளும் அவற்றின் குடியிருப்பாக இருந்தன. வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடைத்து, நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி, மருந்து தெளித்த பிறகும் ஓய்ந்துவிட முடியவில்லை. முட்டைகள் பின்னர் பொரிக்கும் என்பதால் மீண்டும் தெளிக்க வேண்டியிருந்தது. இன்றும் மாலைதோறும் காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தடவிப் பார்க்கிறோம். அகப்படும் உண்ணியைத் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து, நேராக இழுத்து எடுத்து, ஸ்பிரிட்டில் போடுகிறோம். மண்ணெண்ணெய் தடவுவதும் நகத்தால் நசுக்குவதும் எங்கள் பக்கத்தில் வழக்கம்தான் என்றாலும், இரண்டுமே கூடாதவை.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். பூனையும் உள்ள வீட்டினருக்காக ஒன்று சேர்க்க வேண்டும். உண்ணியைத் தடுக்க நாய்க்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி பூனைக்குக் கொடிய நஞ்சு. எங்கள் பூனை நாயின் மேலேயே படுத்துறங்கும் என்பதைக் கேட்ட மருத்துவர், சொட்டு மருந்தைத் தவிர்த்து, மென்று தின்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று விசாரித்தார். வந்திருந்தால் அவ்வகை மாத்திரை ஏற்றதல்ல என்றார். அளவு எடையைப் பொறுத்தது என்பதால், நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, என் எடையைக் கழித்துக் கணக்கிடுகிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குச் சென்றபோது நாயை ஒரு காப்பகத்தில் விட்டோம். திரும்பி வந்தபோது அதன் காது நிறைய உண்ணிகள் இருந்தன. பயணத்துக்கு முன்பே அடுத்த மாத்திரையின் நாள் வருகிறதா என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது பயணச்சீட்டு எடுக்கிறோம். காப்பகத்துக்குப் பதிலாக, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் காலையும் மாலையும் வந்து சோறு வைத்து, நடத்திக் கூட்டிச் செல்கிறார். அவருக்கும் ஒரு சாமணம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.