பெயர்ப்பலகை இல்லாத பழைய மரக்கடைசல் லேத்: உதிரி பாகங்களுக்கு எங்கே போவது?

கேள்வி: பூவரசங்கட்டை, பொள்ளாச்சி

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாகக் கட்டில் கால், ஊஞ்சல் தூண், மாடிப்படிக் கம்பு என்று சிறிய லேத் ஒன்றிலேயே கடைந்து வருகிறேன். சென்ற ஆண்டு கோவையில் மூடப்பட்ட ஒரு ஃபவுண்டரியின் பேட்டர்ன் பிரிவிலிருந்து, அதாவது வார்ப்புக்கான மர மாதிரி செய்யும் இடத்திலிருந்து, பெரிய மர லேத் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கினேன். எடை மேடையில் 640 கிலோ காட்டியது. பெட்டுக்கு (இயந்திரத்தின் நீண்ட அடித்தளத்துக்கு) மேல் 20 அங்குல விட்டம் வரை சுழற்றலாம். ஹெட்ஸ்டாக்கின் (சுழலும் தண்டைத் தாங்கும் பகுதியின்) பின்பக்கமும் ஃபேஸ் பிளேட் (கட்டையைத் திருகிப் பொருத்தும் தட்டு) மாட்டுவதற்கு இடது மரை வெட்டியிருக்கிறது. தயாரித்தவரின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகள் மட்டுமே உள்ளன. ‘இங்கிலாந்து’ என்ற ஒரு சொல் வார்ப்பிலேயே பதிந்திருக்கிறது. அதைத் தவிர எந்த அடையாளமும் இல்லை.

14 அங்குலத் தூங்குமூஞ்சிக் கட்டையை மாட்டி, புல்லியின் மிகக் குறைந்த படியான நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டினாலே இயந்திரம் நடுங்குகிறது. இத்தனைக்கும் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் இரண்டு பக்கமும் புதிய 6208 பேரிங் போட்டுக் கொடுத்தார். இது போதாதென்று, ஸ்பிண்டிலின் (சுழலும் தண்டின்) முனையை வெர்னியரில் அளந்து 1¼ அங்குலம் என்று உறுதி செய்துகொண்டு, 1¼ அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை என்று குறிப்பிட்ட சக் (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் கருவி) ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அது ஒரு சுற்று ஏறியதும் இறுகி நின்றுவிடுகிறது. மோட்டார் 2 குதிரைத்திறன், 415 வோல்ட், மும்முனை மின்சாரத்துக்கானது. இதுவரை பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து இணைப்பு எடுத்து ஓட்டிப் பார்த்தேன். என் பட்டறையில் இருப்பது ஒருமுனை இணைப்புதான்.

இயந்திரம் விற்கும் ஒருவரிடம் கேட்டபோது, இதற்கெல்லாம் உதிரி பாகம் கிடைக்காது, எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக இறக்குமதி லேத் வாங்குங்கள் என்றார். அவர் சொல்வது சரிதானா? பெயரே தெரியாத இயந்திரத்துக்கு உதிரி பாகம் தேடுவதை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பழைய டர்னர், கணபதி, கோவை

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் ஃபவுண்டரிகளுக்குப் பாகங்கள் கடைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எடைக்குப் போட வேண்டாம். பம்பு உறைக்கும் மோட்டார் உடலுக்கும் மரப் பேட்டர்ன் கடைந்த லேத்துகள் இவை. பேட்டர்னில் அரை மில்லிமீட்டர் பிசகினால் வார்ப்பு முழுவதும் கெட்டுவிடும் என்பதால் கனமாகவும் நேர்த்தியாகவும் வார்த்திருப்பார்கள். பெட்டும் ஹெட்ஸ்டாக்கும் விரிசல் இல்லாமல் இருந்தால், மற்ற அனைத்தும் வாங்கக்கூடியவை அல்லது கடைந்துகொள்ளக்கூடியவை. இதற்குத் தயாரித்தவரின் பெயர் தேவையே இல்லை, ஏனென்றால் தேய்ந்துபோகும் பாகங்களை அந்தக் காலத்திலும் அவர்கள் வெளியிலிருந்து வாங்கித்தான் போட்டார்கள்.

சக்கை இனி பலம் கொடுத்துத் திருப்ப வேண்டாம், மரை கிழிந்துவிடும். வெர்னியர் விட்டத்தைச் சொல்லும், மரையின் இடைவெளியைச் சொல்லாது. ஸ்பிண்டில் மீது அடிஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை மரைகள் என்று எண்ணிப் பாருங்கள். ஏழு வரும் என்று எதிர்பார்க்கிறேன். பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் முறையில் 1¼ அங்குலத்துக்கு 7 மரை. இப்போதைய வட அமெரிக்க மர லேத்துகளில் அதே விட்டத்துக்கு 8 மரை. ஒரு சுற்றுக்கே ஏறத்தாழ 0.45 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடுவதால்தான் உடனே இறுகுகிறது. இதைவிட ஆபத்தான பொருத்தம் ஒன்று உண்டு. ஐரோப்பிய அளவான எம்33 (33 மில்லிமீட்டர் விட்டம்), 3.5 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட சக்கை இந்த ஸ்பிண்டிலில் முயன்றால், விட்டம் சற்றுப் பெரிதாகையால் தளர்வாகச் சில சுற்றுகள் ஏறிவிடும். ஏறிவிட்டதே என்று யாராவது மோட்டாரைப் போட்டால் கட்டையும் சக்கும் முகத்துக்கு நேராக வரும்.

தங்கள் சக்கில் உள்ள மரைப் பகுதி தனியாகக் கழன்று வரும் இன்செர்ட் வகையா என்று பாருங்கள். விக்மார்க், ஒன்வே, நோவா ஆகிய நிறுவனங்களின் பல சக்குகள் அப்படிப்பட்டவைதான். அப்படியானால் புதிய இன்செர்ட் ஒன்றை 1¼ அங்குலம், 7 மரை, 55 டிகிரி கோணம் என்று எழுதிக் கொடுத்து இங்கேயே கடைந்துகொள்ளலாம். அங்குல லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது உளியை நகர்த்தும் திருகுதண்டு) உள்ள இரும்பு லேத்தை வைத்திருப்பவரிடம் போனால் வேலை சுலபம். மெட்ரிக் லீட் ஸ்குரூவாக இருந்தால் அங்குல மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும் என்று அலைய வைப்பார். இடையில் ஓர் அடாப்டர் மாட்டியும் சமாளிக்கலாம், ஆனால் கட்டை பேரிங்கைவிட்டு வெளியே தள்ளிப் போகும். கனமான கட்டைக்கு அது நல்லதில்லை. எந்த வழியானாலும் சக்கின் பின்முகம் ஸ்பிண்டிலின் தோளில் (மரை முடியும் இடத்திலுள்ள பருத்த விளிம்பில்) முழுமையாக உட்கார வேண்டும். மரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தோளில் உட்காராத சக் நேராகச் சுழலாது.

பேரிங் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். 6208 என்பது 40 மில்லிமீட்டர் துளையும் 80 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் உள்ளது. கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் துளையின் அளவு வந்துவிடும். மரை விட்வொர்த் அளவில் இருக்கும் ஓர் இங்கிலாந்து இயந்திரத்தில் ஷாஃப்ட் மட்டும் எப்படி மில்லிமீட்டரில் இருக்கும்? பேரிங்கைக் கழற்றி ஷாஃப்டை அளந்து பாருங்கள். 38.1 மில்லிமீட்டர், அதாவது 1½ அங்குலம் வந்தால், தங்கள் மெக்கானிக் உள்ளேயும் வெளியேயும் தகடு சுற்றி நிரப்பியிருக்கிறார் என்று பொருள். தகட்டைச் சுற்றினால் இணைப்பில் இடைவெளி விழும், மையம் விலகும். எத்தனை புதிய பேரிங் போட்டாலும் அந்த நடுக்கம் போகாது.

பதில்: காயில் கட்டுபவன், திருப்பூர்

மோட்டாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கி மும்முனை 230 வோல்ட் கொடுக்கும் வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) ஒன்றைப் பொருத்தினால் போதும், மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. நம் நாட்டில் 2 குதிரைத்திறன் வரையிலான 415 வோல்ட் மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாகக் கட்டிய முறையில்) வருகின்றன. அவற்றை டெல்டாவுக்கு (காயில்களை முக்கோணமாக இணைக்கும் முறைக்கு) மாற்றினால் 240 வோல்ட்டில் முழுத் திறனுடன் ஓடும். தங்களுடையது 3 குதிரைத்திறனாக இருந்திருந்தால் அது ஏற்கெனவே டெல்டாவில் இருந்திருக்கும், இந்த வழி அடைபட்டிருக்கும். மூடியைத் திறந்து டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று மட்டும் இருந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே காயிலோடு கட்டப்பட்டிருக்கும். அனுபவமுள்ள வைண்டிங் கடைக்காரர் அதை அவிழ்த்து மூன்று வயர்களை வெளியே கொண்டுவந்து தருவார். முழுக் காயிலையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வி.எஃப்.டி. வந்துவிட்டது என்று புல்லிப் படிகளைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். மோட்டாரை 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடேறும். பெரிய கட்டைக்குப் பெல்ட்டைத் தாழ்ந்த படியிலேயே வைத்து, அதன் பிறகு வி.எஃப்.டி.யில் வேகத்தைக் குறையுங்கள். நிற்கும் நேரத்தை 8 அல்லது 10 விநாடியாக வையுங்கள்; திடீரென்று நிறுத்தினால் கனமான சக் தன் வேகத்திலேயே மரையிலிருந்து கழன்றுவிடும். முழுப் பளுவில் ஏறத்தாழ 15 ஆம்பியர் இழுக்கும் என்பதால் மின் பலகையிலிருந்து தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் எதுவும் வைக்கக் கூடாது. அடிக்கடி ஆன், ஆஃப் செய்தால் டிரைவ் போய்விடும்.

பதில்: வேப்பமரத்தடி, புதுச்சேரி

புதிய லேத் என்ற வழியையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? என்னிடம் இருப்பது இறக்குமதி செய்த பெரிய லேத். ஓடும்போது அதைப் போன்ற சுகம் வேறில்லை; பூஜ்யத்திலிருந்து வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். இந்த அளவில் உலகெங்கும் பேசப்படுபவை அமெரிக்காவின் பவர்மேட்டிக் 3520, கனடாவின் ஒன்வே 2436, ஆஸ்திரேலியாவின் விக்மார்க் விஎல்300 ஆகியவை. எண்ணிலேயே அளவு இருக்கிறது: பவர்மேட்டிக்கில் இரு மையங்களுக்கும் இடையே 35 அங்குலம், சுழலும் விட்டம் 20 அங்குலம், ஒன்வேயில் விட்டம் 24, நீளம் 36, விக்மார்க்கில் மைய உயரம் 300 மில்லிமீட்டர்.

ஆனால் கப்பல் கட்டணமும் சுங்க வரியும் கட்டி இறக்கிய பிறகும் சர்வீஸ் என்ற கேள்வி அப்படியே நிற்கும். என் லேத்தின் டிரைவ் மூன்றாம் ஆண்டில் நின்றுபோனது. உள்ளே மாவு போல மரத்தூள் படிந்திருந்தது. வாங்கித் தந்த முகவர் ஏழு மாதங்கள் இதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இறுதியில் உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் சந்தையில் கிடைக்கும் சாதாரண வி.எஃப்.டி. ஒன்றை மாட்டினார். இன்றுவரை அதில்தான் ஓடுகிறது. எனவே தாங்கள் வி.எஃப்.டி. வாங்கினால் தூள் புகாத பெட்டிக்குள், உளி வைக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக வையுங்கள். அந்த ஏழு மாதங்களில் நான் கற்றது அதுதான்.

இன்னொன்று: 14 அங்குலத்துக்கு 600 சுற்று என்பதே மேல் வரம்பை ஒட்டிய வேகம். அங்குல விட்டத்தையும் சுற்று எண்ணிக்கையையும் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. தங்களுக்கு 430 முதல் 640 வரை வருகிறது. உருண்டையாகாத ஈரக் கட்டையை அதற்கும் கீழே, 300-லிருந்து தொடங்க வேண்டும். நடுக்கத்தின் ஒரு பங்கு பேரிங்கினுடையது, மறு பங்கு வேகத்தினுடையது என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: பூவரசங்கட்டை, பொள்ளாச்சி

அனைவருக்கும் நன்றி. டர்னர் ஐயா சொன்னது ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. மரை ஓர் அங்குலத்துக்கு ஏழு. ஸ்பிண்டிலை வெளியே எடுத்தபோது பேரிங்கின் உள்ளே தகரத் தகடு ஒரு சுற்றும், ஹவுசிங்கில் இன்னொரு சுற்றும் இருந்தன. ஷாஃப்ட் இரண்டு பக்கமும் 38.1, ஹவுசிங் 82.5 சொச்சம். மோட்டாரில் மூன்று முனைகள்தான். வைண்டிங் கடையில் கொடுத்திருக்கிறேன். இப்போது பேரிங்குக்கு என்ன கேட்பது? ஒரு கடையில் ஷாஃப்டை 35-க்குக் கடைந்து 6207 போடலாம் என்கிறார்கள்.

பதில்: பழைய டர்னர், கணபதி, கோவை

ஷாஃப்டில் கை வைக்க விடாதீர்கள். குறைத்த இரும்பைத் திரும்பச் சேர்க்க முடியாது. கடையில் ஆர்எல்எஸ் 12 என்று கேளுங்கள். 1½ அங்குலத் துளை, 3¼ அங்குல வெளிவிட்டம், ¾ அங்குல அகலம். எல்ஜே 1½ என்றாலும் அதுவேதான். பழைய பேரிங் எங்காவது கிடந்து அதில் ஹாஃப்மன், ரான்சம் அண்டு மார்லெஸ், பொல்லார்டு என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் குழம்ப வேண்டாம். அந்த மூன்று நிறுவனங்களும் 1969-இல் ஆர்.எச்.பி. என்று ஒன்றாகிவிட்டன. பேரிங் கடைகளில் அலமாரியிலேயே இருக்காது, வரவழைத்துத் தருவார்கள். கோவையில் நஞ்சப்பா சாலைப் பக்கம் கேளுங்கள். இல்லையென்றால் சென்னையில் லிங்கிச் செட்டித் தெரு. எண்ணை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் என்று மொத்தம் இரண்டு.

அவை வருவதற்குள் ஸ்பிண்டில் கையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதையே இன்செர்ட் கடைபவரிடம் எடுத்துப் போனால், கடையக் கடைய ஏற்றிப் பார்த்து மரையையும் தோளையும் சரி செய்துவிடுவார். இயந்திரத்தோடு பூட்டிய பிறகு 640 கிலோவை யார் தூக்கிச் செல்வது? பின்பக்க இடது மரைக்கும் ஒரு ஃபேஸ் பிளேட் அப்போதே செய்துகொள்ளுங்கள். ஸ்பிண்டில் உள்துளையின் மோர்ஸ் டேப்பரையும் (கூம்பு அளவையும்) பாருங்கள்: வாய் 17.8 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் எம்.டி.2, 23.8 இருந்தால் எம்.டி.3. இரண்டுக்கும் ரிவால்விங் சென்டர் (கட்டையின் மறுமுனையைத் தாங்கிச் சுழலும் கூர்முனை) இரும்பு லேத் சாமான் கடையிலேயே கிடைக்கும். கட்டையைப் பிடித்துச் சுழற்றும், மரத்துக்கான நான்கு பல் டிரைவ் சென்டர் கிடைக்காவிட்டால் வெட்டுப்பகுதி உடைந்த பழைய டேப்பர் டிரில்லைத் தேடுங்கள். அதன் தண்டு மிருதுவாகவே இருக்கும். அதிலேயே பல் வெட்டிக்கொள்ளலாம்.

பேரிங்கை ஏற்றும்போது எண்ணெயில் 80, 90 டிகிரிக்குச் சூடாக்கி ஷாஃப்டில் நழுவவிடுங்கள், சுத்தியல் வேண்டாம். முன் பேரிங்கை மட்டும் இரு பக்கமும் இறுக்கிப் பூட்டி, பின் பேரிங்கின் வெளிவளையத்தை ஹவுசிங்கில் நகரும்படி விட வேண்டும். இரண்டையும் இறுக்கினால் ஸ்பிண்டில் சூடேறி நீளும்போது போக இடமில்லாமல் பேரிங்கையே நெரிக்கும். பூட்டிய பிறகு நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஸ்பிண்டிலின் தோளில் வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். முள் 0.02 மில்லிமீட்டருக்குள் நின்றால் பெல்ட்டை மாட்டலாம்; அதற்கு மேல் ஆடினால் மோட்டாரைத் தொடாமல் இங்கே எழுதுங்கள்.