வார்த்தையே இல்லாத இசை உங்களை உலுக்கிய தருணம்: பியானோ, ஆர்கெஸ்ட்ரா அனுபவங்கள்

கானாடுகாத்தான் பேத்தி

இத்தாலியப் பியானோ கலைஞர் லுடோவிகோ எய்னாடியின் ‘திவெனீரே’ ஆல்பத்தை இங்கே பலரும் கேட்டிருப்பீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு முடிந்த மறுநாள். பங்காளிகள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வீட்டின் நடு முற்றமான வளவில் நானும் அப்பத்தாவும் மட்டும். பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சின்ன ஸ்பீக்கரில் ஆல்பத்தை ஓடவிட்டிருந்தேன். இரண்டாவதாக வருமே, ஆல்பத்தின் பெயரையே கொண்ட இசை. பியானோ சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, வயலின்கள் அடியிலிருந்து ஏறி வரும் இடம். அப்பத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “கப்பல் கிளம்புதா ஆத்தா?” என்று கேட்டார்கள்.

அவர்களுடைய அப்பச்சி, அதாவது அப்பா, 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அவர் கப்பலேறிப் போனபோது அப்பத்தா பிறக்கவே இல்லை. எந்தக் கப்பலையும் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. எய்னாடியோ அந்த இசையை செகன்டீனி வரைந்த ஆல்ப்ஸ் மலை ஓவியங்களை மனதில் வைத்து எழுதினார். அதில் மலையும் பனியும்தான், கடல் கிடையாது. அப்படியிருக்க அப்பத்தாவுக்கு அந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது? கேட்டால், “என்னமோ தோணுச்சு, இன்னொருக்காப் போடு” என்பதோடு சரி. எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

பள்ளத்தூர் ஆடியோ

வளவில் வைத்தா கேட்டீர்கள்? என் மைத்துனர் வீட்டு வளவில் அதே ஆல்பத்தின் ‘ப்ரிமவேரா’வைப் போட்டோம். வயலின்கள் வேகம் எடுத்ததும் ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் விழுந்து எல்லாம் ஒரே இரைச்சலாகிவிட்டது. மைத்துனர் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு நல்ல இசைக்கு அந்தக் கதி வந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

காரணம் நம் வீடுகள்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழுவழுப்பான தூண்கள். இவை எதுவும் ஒலியை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் தயவுசெய்து இப்படிச் செய்து பாருங்கள். வளவை விட்டுவிட்டு உள்ளறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தரையில் கனமான ஜமக்காளம் விரியுங்கள், பாய் போதாது. ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து வையுங்கள். ஸ்பீக்கரை மூலையில் வைக்கவே வேண்டாம், அடித்தொனி வீங்கிப் பியானோவின் இடது கை மட்டும்தான் கேட்கும். சுவரிலிருந்து இரண்டு மூன்றடியாவது தள்ளி, உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு ஸ்டூலில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி அளவுக்கே நீங்களும் தள்ளி உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். அப்பத்தாவுக்கு ஒருமுறை இப்படிப் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

வீணை மாணவி, காரைக்குடி

பள்ளத்தூர் அண்ணா, உங்கள் அறையில் எல்லாம் தெளிவாகக் கேட்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அப்பத்தாவுக்குக் கப்பலைக் கொண்டுவந்தது வளவுதான் என்றே நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

ஹோட்டலாக மாற்றிய ஒரு வீட்டின் முகப்பில் பழைய பியானோ ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்து வெயிலுக்குப் பாதிக் கட்டைகள் பேசவில்லை. பேசிய ஒன்றை அழுத்தி, வலதுகால் பெடலை மிதித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒலி அடங்க ஆரம்பித்ததும் என் விரல் தானாகவே கட்டையைப் பக்கவாட்டில் இழுத்தது. வீணையில் தந்தியை இழுத்தால் சுரம் வளையும், கொஞ்சம் உயிர் நீளும். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. சுத்தியல் தந்தியைத் தட்டிவிட்டு அப்போதே விலகிவிடுகிறது, அதற்குப் பிறகு அந்தச் சுரத்தை யாராலும் தொட முடியாது. சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்த ஊரில் வளர்ந்த எனக்கு அந்த நிமிடம் பெரிய அதிர்ச்சி.

அன்றைக்குத்தான் இந்த மாதிரி ஆல்பங்களில் ஆர்கெஸ்ட்ரா எதற்கு என்று புரிந்தது. பியானோ கைவிட்ட சுரத்தை வயலினும் செல்லோவும் வில்லால் பிடித்து நீட்டுகின்றன, பெருக்கவும் செய்கின்றன. நம் வளவும் அந்தச் சுரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதைப் போய் ஜமக்காளம் போட்டு அடக்க வேண்டுமா?

தேவகோட்டை ரஸ்தா

எனக்கு இந்த ஆல்பத்தில் குறை உண்டு. நான்கு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), அதே சுழற்சி, பிறகு வயலின் ஏறும், நமக்குக் கண் கலங்கும். லூசியானோ பேரியோ மாதிரி நவீன இசையமைப்பாளரிடம் படித்த மனிதர் இவ்வளவு சுலபமான வழியில் போக வேண்டுமா? 1986-இல் இளையராஜா, ஜெர்மன் இசைமேதை பாஹ் அவர்களுக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக ‘ஹவ் டு நேம் இட்’ செய்தார். அதில் ஒவ்வொரு வாத்தியத்தின் குரலும் தன் வழியில் நடக்கும். கேட்பவருக்கும் வேலை இருக்கும். பேத்தி, உங்கள் அப்பத்தாவுக்கு அதையும் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016-இல் எய்னாடி ஆர்க்டிக் கடலில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் ஒரு பனிப்பாறைக்கு முன்னால் மிதக்கும் மேடையில் பியானோ வாசித்தாரே, அந்த வீடியோ. நான் பார்த்தது கத்திரி வெயிலில், கரன்ட் போன மத்தியானம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் பனி சரிந்து தண்ணீரில் விழுகிற சத்தம். போனை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் குறை எதுவும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

கோட்டையூர்க்காரன்

ரஸ்தா அண்ணன் சுலபம் என்கிறார். சுலபமாக இருப்பதில் என்ன குற்றம்? தாலாட்டும் அதே இரண்டு வரியில்தான் சுற்றுகிறது, பிள்ளை தூங்கத்தானே செய்கிறது?

எங்கள் வீட்டுக் கல்யாணம். மாலை வரவேற்பில் மாப்பிள்ளையின் தோழர்கள் இந்த ஆல்பத்தைத்தான் மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். காலையில் வாசித்த நாகஸ்வரக்காரர் சம்பளம் வாங்க வந்தவர், கவரைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றுவிட்டார். ‘ஆந்தாரே’ முடிகிற வரைக்கும் நகரவில்லை. பிறகு என்னிடம், “தம்பி, இவர் எங்க மூச்சு வாங்குறாரு?” என்றார். பியானோவுக்கு மூச்சு எதற்கு என்றேன். “வாத்தியத்துக்கு வேணாம்பா, கேக்குறவனுக்கு வேணும்ல. அந்த வயலின்காரங்க நிறுத்துற இடத்துலதான் நான் மூச்சே விட்டேன்” என்றார்.

அவர் நம்பரை வாங்கி முழு ஆல்பத்தையும் அனுப்பிவைத்தேன். ‘ரோஸ்’ மட்டும் பிடிக்கவில்லை, மற்றதெல்லாம் தினமும் சாதகம் முடித்துவிட்டுக் கேட்கிறேன் என்று பதில் போட்டார்.